நீர் தூக்கும் நிலையம்

டோக்கியோவின் உயெனோ ரயில் நிலையத்தில் ஷின்கான்சென் என்ற அதிவேக ரயில் வந்து நிற்கும் நடைமேடைகள் தரைமட்டத்திலிருந்து சுமார் 30 மீட்டர் ஆழத்தில், நான்காம் சுரங்க அடுக்கில் இருக்கின்றன. அந்த நடைமேடைகளுக்கு அடியில், பயணிகளின் கண்ணுக்கு எட்டாத இடைவெளிகளில், இரும்புப் பாளங்கள் அடுக்கடுக்காக வைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றின் மொத்த எடை 30,000 டன்னுக்கும் மேல். அந்த இரும்பு எதையும் தாங்கவில்லை, எந்த இயந்திரத்திலும் சேர்ந்ததில்லை. கனமாக இருப்பது ஒன்றே அதன் வேலை. நிலையம் தன் இடத்தை விட்டு மேலே எழும்பிவிடக் கூடாது என்பதற்காக 1990களில் அதைக் கொண்டுவந்து வைத்தார்கள். மண்ணுக்குள் புதைந்திருக்கும் கட்டடம் மேலெழும்புவதாவது என்று யாருக்கும் தோன்றும். சுரங்க நிலையம் என்றதும் நம் அச்சமெல்லாம் மேலேதான் போகிறது: கூரை இடிந்து விழுமோ, படிக்கட்டு வழியாக மழைவெள்ளம் இறங்குமோ, நிலநடுக்கம் நசுக்கிவிடுமோ. டோக்கியோவின் பெரிய சுரங்க நிலையங்கள் இரண்டில் பொறியாளர்களின் தூக்கத்தைக் கெடுத்த ஆபத்து நேர் எதிர்த் திசையிலிருந்து, காலுக்குக் கீழிருந்து வந்தது. வழக்கமாக இதை ஒரு விந்தைச் செய்தியாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஆனால் நிலத்தடி நீர்மட்டம் என்பது நிலத்தின் இயல்பா, மனிதர்களின் முடிவா என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. முடிவுதான் என்பதே என் கட்சி.

முதலில் இயற்பியல். வாய் நனையாதபடி ஒரு வெற்றுக் குடத்தை நீருக்குள் அமுக்கிப் பார்த்தவர்களுக்கு மிதப்பு விசையை விளக்க வேண்டியதில்லை; ஆழம் கூடக் கூட அது கையை எதிர்த்துத் தள்ளும். நீர் நிறைந்த மண்ணுக்குள் இறக்கப்பட்ட சுரங்க நிலையமும் அப்படித்தான். சுற்றிலும் உள்ள மண்ணின் துளைகளில் நீர் இருக்கிறது. அந்த நீருக்கு அழுத்தம் இருக்கிறது. நிலையத்தின் அடித்தளத்தை அது கீழிருந்து மேல்நோக்கித் தள்ளுகிறது. கணக்கு எளிது. நீர்மட்டத்துக்குக் கீழே ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு டன் தள்ளுவிசை. அடித்தளம் 30 மீட்டர் ஆழத்திலும் நீர்மட்டம் 14 மீட்டர் ஆழத்திலும் இருந்தால் வித்தியாசம் 16 மீட்டர்; ஒவ்வொரு சதுர மீட்டரையும் 16 டன் விசை மேலே தூக்கும். ஒரு மீட்டர் கனமுள்ள கான்கிரீட் தளத்தின் எடை சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 2.4 டன். ஆக, 16 டன்னை எடையால் மட்டுமே சமாளிக்க ஆறரை மீட்டருக்கும் அதிகமான கான்கிரீட் வேண்டும். நிலையத்தின் சுவர்கள், இடைத்தளங்கள், கூரை, கூரைமேல் கொட்டிய மண் எல்லாவற்றையும் கூட்டினால் கொஞ்சம் தேறும். பக்கச் சுவர்களுக்கும் மண்ணுக்கும் இடையிலான உராய்வும் கைகொடுக்கும். ஆனால் ரயில் நிலையம் என்பது அடிப்படையில் ஒரு பெரிய வெற்றிடம். ஆட்கள் நடக்கவும் ரயில்கள் ஓடவும் இடம் வேண்டும் என்பதற்காகவே அதைத் தோண்டுகிறோம். வெற்றிடம் பெரிதாகப் பெரிதாக அதன் சராசரி அடர்த்தி குறைகிறது, மிதக்கும் நாட்டம் கூடுகிறது.

இத்தனை ரயில்களும் இத்தனை கூட்டமும் அழுத்தும்போது எப்படி மேலே வரும் என்று கேட்கலாம். அதையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். உயெனோ சுரங்க நிலையம் திறக்கப்பட்ட காலத்து ஷின்கான்சென் பெட்டி ஒன்றின் நீளம் 25 மீட்டர், அகலம் ஏறத்தாழ 3.4 மீட்டர், எடை ஏறத்தாழ 60 டன். அந்த எடையை அது நிற்கும் பரப்பில் பரப்பினால் சதுர மீட்டருக்கு 0.7 டன். அதாவது நீர்மட்டம் 70 சென்டிமீட்டர் ஏறினாலே ஒரு முழு ரயிலின் எடையும் ஈடாகிவிடும். நெருக்கியடித்து நிற்கும் கூட்டமோ சதுர மீட்டருக்கு ஐந்து பேர் என்றாலும் 0.3 டன்னைத் தாண்டாது. தவிர, ரயில் புறப்பட்டுப் போய்விடும், கூட்டம் கலைந்துவிடும். நீர் இரவிலும் தள்ளிக்கொண்டே இருக்கும். நள்ளிரவில் காலியாகக் கிடக்கும் நிலையத்தை வைத்துத்தான் பொறியாளர் கணக்கிட வேண்டும். இன்னொன்றும் உண்டு. நிலையம் முழுவதுமாக மேலெழும்புவது கடைசிக் கட்டம். அதற்கு வெகு முன்பே அடித்தளம் நடுவில் மேல்நோக்கி வளையத் தொடங்கும். கான்கிரீட் விரிசல் விடும். விரிசல் வழியே நீர் கசியும். மேலிருந்து வரும் சுமைக்குக் கம்பி கட்டிய தளத்தைக் கீழிருந்து தூக்கினால் அது எதிர்பாராத இடத்தில் இழுவிசைக்கு ஆளாகும். கான்கிரீட் அமுக்கத்தைத் தாங்குமே தவிர இழுவையைத் தாங்காது.

நீர்மட்டம் என்ற சொல்லைக் கொஞ்சம் கவனமாகப் பிடிக்க வேண்டும். டோக்கியோவின் அடியில் ஏரிபோல ஒரு நீர்ப்பரப்பு இருப்பதாகக் கற்பனை செய்தால் தவறிவிடும். கிழக்குப் பகுதியின் தாழ்நிலத்தில் மேலே ஆறுகளும் கடலும் கொண்டுவந்து சேர்த்த மென்மையான களிமண்ணும் மணலும். அவற்றுக்குக் கீழே இறுகிய பழைய அடுக்குகள். அவற்றிடையே டோக்கியோ சரளை அடுக்கு என்று புவியியலாளர்கள் பெயரிட்ட கூழாங்கல் படுகை. சரளையில் நீர் தாராளமாக ஓடும். களிமண்ணில் ஊர்ந்துதான் செல்லும். எனவே மேலே களிமண் மூடியிருக்க, கீழே சரளைக்குள் நீர் அழுத்தத்தோடு அடைபட்டிருக்கிறது. அந்த அடுக்குவரை ஒரு குழாயை இறக்கினால் அழுத்தம் நீரை எந்த உயரத்துக்குத் தள்ளுகிறதோ அதைத்தான் நீர்மட்டம் என்கிறோம். கண்ணுக்குத் தெரியும் தண்ணீரின் உயரம் அன்று அது, அழுத்தத்தின் அளவு. ஆழமான நிலையத்தின் அடித்தளம் சந்திப்பது இந்த அழுத்தத்தைத்தான். மேல்மண்ணில் மழைக்குப் பிறகு ஊறும் நீர் வேறு கதை.

இப்போது வரலாறு. டோக்கியோ நிலையத்தின் சோபு பாதைச் சுரங்க நடைமேடைகள் 1972இல் திறக்கப்பட்டன. தரையிலிருந்து சுமார் 27 மீட்டர் கீழே. அதைக் கட்டிய காலத்தில் அங்கே நிலத்தடி நீர்மட்டம் சுமார் 35 மீட்டர் ஆழத்தில் கிடந்தது. நிலையம் நின்றது நீருக்கு மேலே. தள்ளுவிசை என்ற பேச்சுக்கே இடமில்லை. உயெனோ ஷின்கான்சென் நிலையம் 1985 மார்ச்சில் திறக்கப்பட்டது. அதை வடிவமைத்தபோது நீர்மட்டம் ஏறத்தாழ 38 மீட்டர் ஆழத்தில். 1990களின் நடுவில் அது ஏறத்தாழ 14 மீட்டருக்கு வந்துவிட்டது. டோக்கியோ நிலையத்தில் 15 மீட்டர் அளவுக்கு. இருபது மீட்டரும் அதற்கு மேலும் ஏற்றம். ஆறு தடம் மாறவில்லை, கடல் உள்ளே புகவில்லை, மழையும் இரட்டிப்பாகவில்லை. பிறகு நீர் எங்கிருந்து வந்தது? சரியான கேள்வி வேறு: அதற்கு முன் நீர் எங்கே போயிருந்தது?

அது ஆழ்துளைக் கிணறுகள் வழியாகத் தொழிற்சாலைகளுக்குப் போயிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே சுமிதா ஆற்றின் கிழக்கே கோட்டோ பகுதித் தொழிற்சாலைகள் நிலத்தடி நீரை உறிஞ்சின. குளிர்ச்சி மாறாத, செலவு குறைந்த, தூய்மையான நீர், வேறென்ன வேண்டும்? 1923 பெருநிலநடுக்கத்துக்குப் பின் நடந்த நில அளவைகளில் கோட்டோவின் தரை தாழ்ந்துகொண்டே போவது தெரிந்தது. காரணம் எது என்பதில் கருத்துகள் பிரிந்தன. பூமியின் மேலோடு அசைகிறது என்றனர் சிலர். புதுமண் தானாக இறுகுகிறது, கட்டடச் சுமை அழுத்துகிறது என்றனர் வேறு சிலர். சரியான விடை ஒசாக்காவிலிருந்து வந்தது. அங்கேயும் நிலம் தாழ்ந்துகொண்டிருந்தது. ஆழ்ந்த நிலநடுக்கங்களைக் கண்டறிந்ததற்காக உலகம் அறிந்த கியோ வதாச்சி என்ற புவி இயற்பியலாளர் 1930களின் இறுதியில் ஒசாக்காவின் நிலத் தாழ்வையும் நிலத்தடி நீர் அழுத்தத்தையும் ஒருசேர அளந்து, இரண்டும் கைகோத்தே நடக்கின்றன என்று காட்டினார். எல்லோரும் உடனே ஏற்றுக்கொண்டுவிடவில்லை. பின்னர் எந்த ஆய்வுக்கூடமும் நடத்தத் துணியாத ஒரு சோதனையைப் போர் நடத்தியது. 1945இல் குண்டுவீச்சில் தொழிற்சாலைகள் எரிந்தன, பம்புகள் நின்றன, நிலத் தாழ்வும் ஏறக்குறைய நின்றது. 1950க்குப் பிறகு தொழில் மீண்டும் சூடுபிடித்ததும் நிலம் மறுபடி இறங்கத் தொடங்கியது. மேலோட்டின் அசைவுதான் காரணம் என்றால் அது போர்நிறுத்தத்தைப் பார்த்து நின்றிருக்குமா?

உறிஞ்சினால் ஏன் நிலம் தாழ வேண்டும்? மண்ணின் மேலுள்ள சுமையை இரண்டு பேர் பங்கிட்டுத் தாங்குகிறார்கள்: ஒன்று மண்துகள்கள் தொட்டுக்கொண்டு அமைக்கும் எலும்புக்கூடு, மற்றொன்று துளைகளில் உள்ள நீரின் அழுத்தம். நீரின் அழுத்தத்தைக் குறைத்தால் அதன் பங்கும் துகள்களின் தலையில் விழுகிறது. பொறியாளர் கார்ல் டெர்சாகி 1920களில் கட்டமைத்த மண் விசையியல் கோட்பாட்டின் மையம் இதுதான். மணலும் சரளையும் இந்தக் கூடுதல் சுமைக்குப் பெரிதாக அசையாது. களிமண்ணோ தகடுபோன்ற நுண்துகள்களால் ஆனது. அவை நெருங்கிப் படிந்து, இடையில் இருந்த நீரை மெல்ல வெளியேற்றிவிட்டு, ஒடுங்கிக்கொள்ளும். பிறகு அழுத்தத்தைத் திருப்பிக் கொடுத்தாலும் பழைய நிலைக்கு விரியாது. மிகச் சிறிய பங்குதான் மீளும். கோட்டோவின் மினாமிசுனா பகுதியில் இருபதாம் நூற்றாண்டில் நிலம் மொத்தம் ஏறத்தாழ 4.5 மீட்டர் இறங்கியது. 1960களின் இறுதியில் சில இடங்களில் ஓராண்டிலேயே 20 சென்டிமீட்டருக்கு மேல் தாழ்ந்தது. கடல்மட்டத்துக்குக் கீழே போய்விட்ட அந்த நிலம் இன்றும் கீழேயே இருக்கிறது. கரைச்சுவர்களும் பம்புகளும்தான் அதைக் காக்கின்றன. லட்சக்கணக்கானோர் அங்கே வசிக்கிறார்கள்.

எனவே சட்டம் வந்தது. தொழில்துறைக் கிணறுகளை ஒழுங்குபடுத்த 1956இல் ஒரு சட்டம். குளிரூட்டலுக்கும் பிற தேவைகளுக்கும் நீர் உறிஞ்சிய பெரிய கட்டடங்களுக்கு 1962இல் மற்றொன்று. 1970களின் தொடக்கத்தில் டோக்கியோ பெருநகர அரசின் மாசுத்தடுப்பு விதிகள். தொழிற்சாலைகளுக்கு மாற்றாகத் தனிக் குழாய்நீரும் கொடுக்கப்பட்டது. தாழ்நிலத்தின் அடியில் ஆழத்து உப்புநீரோடு கரைந்திருந்த இயற்கை எரிவாயுவுக்காகவும் நீர் இறைக்கப்பட்டுவந்தது. அந்தச் சுரங்க உரிமைகளை டோக்கியோ அரசே விலை கொடுத்து வாங்கி 1972இல் வேலையை நிறுத்தியது. சோபு சுரங்க நிலையம் திறந்ததும் அதே ஆண்டுதான். ஒரே நகரம், ஒரே ஆண்டு: ஒரு கை நீர்மட்டத்தைத் தாழ்வாகவே எண்ணி நிலையத்தைக் கட்டி முடிக்கிறது, இன்னொரு கை அந்த நீர்மட்டத்தை உயர்த்தும் வேலையைச் செய்கிறது. இரண்டு கைகளும் செய்தது சரியான வேலை என்பதுதான் இதில் சுவை. நிலத் தாழ்வு 1970களில் தணிந்தது. டோக்கியோவின் சுற்றுச்சூழல் கொள்கைகளில் இவ்வளவு தெளிவாக வென்ற இன்னொன்றைச் சொல்வது கடினம். அந்த வெற்றியின் எடைதான் சதுர மீட்டருக்கு 16 டன்னாக உயெனோவின் அடித்தளத்தில் வந்து நின்றது.

அதற்கு ரயில் நிறுவனம் செய்த பரிகாரங்கள் இரண்டு. முதலாவது, சுமை ஏற்றுதல். உயெனோவின் நடைமேடை அடியிலுள்ள இடம் குறைவு என்பதால் கான்கிரீட்டை விட்டுவிட்டு, கன மீட்டருக்கு ஏறத்தாழ 7.8 டன் உள்ள இரும்பைத் தேர்ந்தார்கள். அதே எடைக்குக் கான்கிரீட் மூன்று மடங்கு இடத்தை அடைத்திருக்கும். ஆனால் நீர் ஏறிக்கொண்டே போனால் இரும்பை அடுக்கிக்கொண்டே போக இடம் ஏது? ஆகவே இரண்டாவது, நங்கூரம். டோக்கியோ நிலையத்தில் 1999-2000 வாக்கில் நூற்றுக்கும் மேற்பட்ட நங்கூரங்கள். பிறகு உயெனோவில் பல நூறு. அடித்தளத்தைத் துளைத்து, கீழே உள்ள உறுதியான அடுக்குவரை துளை இறக்கி, உருக்குக் கம்பிக் கற்றையைச் செருகி, அதன் அடிப்பகுதியைச் சிமெண்டுக் குழம்பால் மண்ணோடு பிணைத்துவிடுவார்கள். குழம்பு இறுகிய பின் மேல்முனையை நீரழுத்த ஜாக்கியால் இழுத்து, இழுத்த நிலையிலேயே தளத்தோடு பூட்டிவிடுவார்கள். இனி நிலையம் எழும்ப வேண்டுமானால் கீழே பல மீட்டர் மண்ணையும் சேர்த்துத் தூக்கியாக வேண்டும். கேட்க எளிது. செய்யும்போதோ, அழுத்தத்தில் இருக்கும் நீரின் தலைக்கு மேலேயே துளை போட வேண்டும். துளை திறந்ததும் நீர் பீறிட்டு வரும். அதை அடைத்துக்கொண்டே, ரயில் போக்குவரத்துக்கு இடையூறில்லாமல், தாழ்ந்த கூரையின் கீழ் வேலை நடக்க வேண்டும். கம்பி துருப்பிடிக்காமல் பல பத்தாண்டுகள் நிலைக்க அதற்கு உறைமேல் உறை வேறு.

இங்கே எழும் முதல் மறுப்பு: பொறியாளர்களின் கவனக்குறைவை எதற்காகத் தத்துவமாக்க வேண்டும்? உறிஞ்சலை நிறுத்தினால் நீர் ஏறும் என்று பள்ளிச் சிறுவனுக்குத் தெரியாதா? இதில் பாதி நியாயம் இருக்கிறது. 1960களில் வரைபடம் போட்ட பொறியாளரின் நிலையிலிருந்து பாருங்கள். அவருக்குக் கிடைத்த கிணற்றுப் பதிவுகள் எல்லாம், போரை ஒட்டிய இடைவெளியைத் தவிர, அரை நூற்றாண்டாக இறங்குமுகத்தையே காட்டின. சட்டம் இருந்தது, ஆனால் சட்டம் இருந்தும் நிலம் அப்போதுதான் மிக வேகமாகத் தாழ்ந்துகொண்டிருந்தது. நீர் இருபது மீட்டர் ஏறும் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால், அதற்காகப் பல மீட்டர் கூடுதல் கான்கிரீட்டுக்கு யாரும் பணம் ஒதுக்கியிருக்க மாட்டார்கள். 1985 நிலையத்துக்கு இந்தச் சமாதானம் அப்படியே பொருந்தாது. அதை வடிவமைத்த காலத்தில் ஏற்றம் தொடங்கிவிட்டது, பதிவுகளும் கையில் இருந்தன. அங்கே நேர்ந்தது கவனக்குறைவு என்றே வைத்துக்கொண்டாலும், அதன் வகை முக்கியம். மண்ணின் வலிமையையோ கான்கிரீட்டின் எடையையோ அவர்கள் தவறாகக் கணக்கிடவில்லை. அளந்த நாளின் நீர்மட்டத்தை அந்த இடத்தின் குணமாக எடுத்துக்கொண்டதில்தான் பிழை நேர்ந்தது. அந்த எண் உண்மையில் ஆயிரக்கணக்கான பம்புகளின் அன்றைய கூட்டுத்தொகை. சரளையைத் துளைத்துப் பார்த்து அதன் எதிர்காலத்தைச் சொல்ல முடியாது. அரசிதழைப் படித்திருந்தால் ஓரளவு சொல்லியிருக்கலாம்.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. நீர்தான் தொல்லை என்றால் கொஞ்சம் இறைத்துவிட்டால் என்ன? மறுபடி நிலம் தாழும் என்று பயமுறுத்துவது சரியன்று. ஏனென்றால் டெர்சாகியின் கோட்பாடே அதை மறுக்கிறது. ஒருமுறை கடுஞ்சுமையில் ஒடுங்கிய களிமண், அதே சுமையை இரண்டாம் முறை தாங்கும்போது வெகு குறைவாகவே ஒடுங்கும். நீர்மட்டத்தைப் பழைய மிகத் தாழ்ந்த அளவுக்குக் கீழே கொண்டுபோகாதவரை பெரிய தாழ்வு வராது. இது உண்மை. நீர்மட்டம் ஏறிய பின் டோக்கியோ தாழ்நிலத்தின் சில இடங்களில் தரை சிறிதளவு மேலெழுந்தது என்பதும் அதே கோட்பாட்டின் மறுபக்கம். ஆக, அளவோடு இறைக்கலாம் என்ற வாதத்தை அறிவியலற்றது என்று தள்ள முடியாது. ஆனால் அது என் வாதத்தை வெட்டவில்லை, வலுப்படுத்துகிறது. எவ்வளவு இறைப்பது, எந்த மட்டத்தில் நிறுத்துவது, யார் அளப்பது என்பவை எல்லாம் முடிவுகள். அந்த முடிவைத் தனி ரயில் நிறுவனம் தன் நிலையத்தின் அடியில் மட்டும் எடுக்க முடியாது. சரளை அடுக்கு நகரத்தின் கீழே தொடர்ந்து கிடக்கிறது, ஓரிடத்தில் இறைத்தால் அழுத்தம் பல தெருக்களுக்கு அப்பாலும் குறையும். சீராகக் குறைந்தாலும் போகட்டும். களிமண்ணின் கனம் இடத்துக்கு இடம் மாறுவதால் தாழ்வும் மாறும், கட்டடங்களைக் கெடுப்பது அந்த ஏற்றத்தாழ்வுதான். கடல்மட்டத்துக்குக் கீழே ஏற்கெனவே இறங்கிவிட்ட கோட்டோவுக்குச் சில சென்டிமீட்டர்கூடச் செலவுக்கணக்கில் சிறிய எண் அன்று. நங்கூரத்துக்கு ஒருமுறை பணம் கட்டினால் போதும். பம்புக்கு நிலையம் இருக்கும்வரை கட்ட வேண்டும், மின்சாரம் நின்றால் பாதுகாப்பும் நின்றுவிடும்.

உண்மையில் நிலையங்கள் சத்தமில்லாமல் இறைத்துக்கொண்டுதான் இருக்கின்றன. எந்தச் சுரங்கமும் முற்றிலும் நீர்புகாததாக இருப்பதில்லை. மூட்டுகளிலும் விரிசல்களிலும் கசியும் நீரைத் திரட்டி வெளியேற்ற வேண்டும். சோபு பாதைச் சுரங்கத்தின் கசிவுநீர் முன்பு கழிவுநீர்க் குழாய்க்குள் போனது. அதற்குக் கட்டணமும் கட்ட வேண்டியிருந்தது. நன்னீரைக் காசு கொடுத்துச் சாக்கடையில் விடுவது என்ற இந்த வினோதம் 2002இல் முடிவுக்கு வந்தது. சுமார் 12 கிலோமீட்டர் குழாய் அமைத்து, ஷினகாவா பகுதியில் ஓடும் தச்சியாய் ஆற்றில் அந்த நீரைச் சேர்த்தார்கள். நீரோட்டம் இன்றித் தேங்கி நாறிக்கொண்டிருந்த சிற்றாறு அது. அடுத்த ஆண்டே மடவை மீன்கள் கடலிலிருந்து கூட்டம் கூட்டமாக அதில் ஏறிவந்ததைப் பார்க்க மக்கள் திரண்டார்கள். நிலையத்தைத் தூக்கும் அதே நீர் ஓர் ஆற்றுக்கு உயிர் கொடுத்தது என்று மகிழலாம். அந்தக் கசிவே ஒருவகை உறிஞ்சல் என்பதையும் மறக்க வேண்டாம். சுரங்கத்தை நன்றாக அடைத்தால் அருகில் நீர் அழுத்தம் ஏறும், கசியவிட்டால் இறங்கும். பழுது பார்க்கும் பொறியாளர் தன் அடித்தளத்தின் மேல் விழும் விசையைத் தானே கொஞ்சம் மாற்றிக்கொண்டிருக்கிறார்.

மூன்றாவது மறுப்புக்கு ஒரு விபத்தே சான்றாக நிற்கிறது. டோக்கியோவின் மேற்கே முசாஷினோ பாதையில் ஷின்-கொடைரா என்ற நிலையம் இருக்கிறது. இரண்டு சுரங்கங்களுக்கு இடையே மேலே திறந்த அகழிபோல் அமைந்தது. 1991 இலையுதிர்காலப் பெருமழைகளுக்குப் பின், அக்டோபரில் ஓர் இரவு, அந்த நிலையத்தின் கான்கிரீட் அமைப்பு அதிகபட்சமாக 1.3 மீட்டர் வரை மேலெழும்பியது. பிளவுகள் வழியே நீர் பாய்ந்து தண்டவாளம் மூழ்கியது. இரண்டு மாதங்களுக்கு அந்தப் பகுதியில் ரயில் ஓடவில்லை. நிலையம் மேலெழும்புவது ஏட்டுச் சுரைக்காய் அன்று என்பதற்கு இதைவிட நேரடிச் சாட்சி வேண்டாம். ஆனால் அங்கே எந்தச் சட்டமும் காரணமில்லை, மழைதான் காரணம். பிறகு நீர்மட்டம் மனிதரின் முடிவு என்று எப்படிச் சொல்லலாம்? இங்கே இரண்டு நீர்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஷின்-கொடைராவைத் தூக்கியது மேட்டுநிலத்தின் மேலடுக்குகளில் மழையால் ஊறிய நீர்; அது நாட்களிலும் வாரங்களிலும் ஏறி இறங்கும். உயெனோவைத் தூக்கியது ஆழத்தில் அடைபட்ட நீரின் அழுத்தம். அது பத்தாண்டுகளில் நகர்வது, மழைக்கு உடனே அசையாதது. முன்னதற்கு வானிலைப் பதிவுகளை வைத்து ஒரு மோசமான ஆண்டைக் கணிக்கலாம், அது இயற்கையின் கணக்கு. பின்னதற்கு அப்படிக் கணிக்கப் பழைய பதிவு எதுவும் உதவாது. அந்தப் பதிவே பம்புகள் எழுதியது.

இடையில் டோக்கியோ நிலையத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தத்சுனோ கிங்கோ வடிவமைத்து 1914இல் திறக்கப்பட்ட அதன் செங்கல் கட்டடம் 10,000க்கும் மேற்பட்ட பைன் மரத் தூண்களின் மேல் நின்றது. நீருக்குள் மூழ்கிய மரம் எளிதில் மக்காது. மக்கச் செய்யும் பூஞ்சைகளுக்கு அங்கே ஆக்சிஜன் இல்லை. ஆகவே மரத்தூண்களுக்கு மண்ணில் நீர் இருக்க வேண்டும். ஆழத்துச் சுரங்க நிலையத்துக்கு நீர் இருக்கக் கூடாது. மேலடுக்கு நீரும் ஆழத்து நீரும் ஒன்றல்ல என்று இப்போதுதான் சொன்னேன். இருந்தாலும் ஒரே முகவரியில் இருக்கும் இரண்டு கட்டடங்கள் நீரிடம் எதிரெதிர் வேண்டுகோள் வைத்தது வேடிக்கைதான். 2012இல் முடிந்த புனரமைப்பில் நிலநடுக்க அதிர்வைத் தணிக்கும் அமைப்பு கட்டடத்தின் கீழே வந்ததோடு மரத்தூண்களின் வேலை முடிந்தது.

நிலநடுக்கம் இந்தக் கணக்கில் இன்னொரு பக்கத்தைத் திறக்கிறது. தளர்ந்த மணல் நீரில் ஊறியிருக்கும்போது கடுமையாகக் குலுங்கினால் துகள்கள் ஒன்றையொன்று விட்டுவிடும். சுமை முழுவதும் நீரின்மேல் விழும். மண் சிறிது நேரம் கனமான திரவமாக நடந்துகொள்ளும். 1964 நிகாதா நிலநடுக்கத்தில் புதைந்திருந்த தொட்டிகள் தரைக்கு மேலே வந்தன; 2011இல் டோக்கியோ விரிகுடாவின் கரையில் உள்ள உராயாசுவில் சாக்கடை ஆள்நுழைத் தொட்டிகள் தெருவைப் பிளந்துகொண்டு எழும்பி நின்றன. திரவமான மண் நீரைவிடக் கனமானது, ஆகவே அதன் தள்ளுவிசையும் அதிகம். உயெனோ, டோக்கியோ நிலையங்களின் அடித்தளம் பழைய இறுகிய அடுக்குகளில் இருப்பதால் அவற்றுக்கு இந்த ஆபத்து நேரடியாகப் பொருந்தாது. ஆனால் நகரத்தின் மேல்மண்ணில் நீர் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவுக்கு மண் திரவமாகும் பரப்பு கூடும். நிலத்தடி நீர் திரும்பியதை இயற்கை குணமடைந்ததாகவே கொண்டாடுகிறவர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும். கோட்டோவின் களிமண் பழைய களிமண் அன்று, தரை பழைய உயரத்தில் இல்லை. மேலே நிற்கும் நகரமும் 1910களின் நகரம் அன்று. நீர் மட்டும்தான் பழைய இடத்தை நோக்கி வந்திருக்கிறது.

இந்தப் பார்வை கணக்கேட்டில் எதை மாற்றும்? நீர்மட்டம் இயற்கை என்று கொண்டால், நங்கூரச் செலவு ரயில் நிறுவனத்தின் துரதிர்ஷ்டம். முடிவு என்று கொண்டால், அது நிலத்தைக் காத்த கொள்கையின் செலவில் ஒரு பகுதி. அந்தக் கொள்கை தந்த நன்மையோடு பார்த்தால் மிகச் சிறிய பகுதி. யார் கட்டினாலும் எந்தத் தலைப்பில் எழுதுகிறோம் என்பது அடுத்த முடிவைப் பாதிக்கும். ஜப்பானின் சட்டமும் மெல்ல இந்தத் திசையில் நகர்ந்திருக்கிறது: 2014இல் வந்த நீர்ச்சுழற்சி அடிப்படைச் சட்டம் நீரைப் பொதுச்சொத்தாக அறிவித்தது, 2021 திருத்தம் நிலத்தடி நீரின் முறையான மேலாண்மையை அதற்குள் வெளிப்படையாகக் கொண்டுவந்தது. இன்னொரு பக்கம், 2001இல் நடைமுறைக்கு வந்த ஆழ்நிலத்தடிப் பயன்பாட்டுச் சட்டம் டோக்கியோ, ஒசாக்கா, நகோயா பெருநகரப் பகுதிகளில் 40 மீட்டருக்கும் ஆழமான இடத்தைப் பொதுப்பணிகளுக்கு எளிதாகத் திறந்துவிட்டது. ஒயெதோ பாதையின் ரொப்போங்கி நிலையம் ஏற்கெனவே சுமார் 42 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது; காந்தத்தில் மிதந்தோடும் சுவோ ஷின்கான்செனின் ஷினகாவா நிலையத்தைச் சுமார் 40 மீட்டர் ஆழத்தில் கட்டுகிறார்கள். 40 மீட்டர் ஆழத்து அடித்தளத்துக்கு, நீர்மட்டம் 10 மீட்டரில் நின்றால் சதுர மீட்டருக்கு 30 டன். 20 மீட்டரில் நின்றால் 20 டன். அந்தப் பத்து டன் வித்தியாசம் நான்கு மீட்டர் கான்கிரீட்டுக்குச் சமம். எந்த எண்ணை எடுத்துக்கொள்வது என்பதை ஆழ்துளைச் சோதனை மட்டும் சொல்லிவிடாது. அதே மேசையில் நகரத்தின் நிலத்தடி நீர்க் கொள்கையை வகுப்பவரும் உட்கார்ந்து, அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்குத் தாங்கள் காக்கப்போகும் மட்டம் இது என்று கையெழுத்திட வேண்டும். அந்தக் கையெழுத்து கிடைக்காதவரை பொறியாளருக்கு ஒரே வழிதான் உண்டு: நீர் தரைமட்டம்வரை ஏறும் என்று வைத்துக்கொண்டு 40 டன்னுக்குக் கம்பி கட்டுவது.